பெக்கோ இறங்குமுன் ஒருமுறை வந்து பாருங்கள்

பரந்தன் கைத்தொழில் வலயத்தைத் திட்டமிடுகிற அதிகாரிகளுக்கும், கிளிநொச்சி மாவட்டச் செயலகத்துக்கும், கரைச்சிப் பிரதேச சபை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

நான் பரந்தனில் நாற்று வளர்த்து விற்கிறவன். வீட்டுக்குப் பின்னால் ஒரு கிடுகுப் பந்தல். அதற்குக் கீழே கறுப்புப் பொலித்தீன் பைகளில் வேம்பு, மருது, நாவல், புளி, இலுப்பை என்று எந்த நேரமும் சில நூறு கன்றுகள் நிற்கும். என் அப்பா பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். முழுப்பெயரைச் சொன்னால் ஊரில் சிலருக்குச் சட்டென்று பிடிபடாது. ‘கெமிக்கல்’ என்றால் போதும், அது ஓடியதைப் பார்க்காத பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தக் காணியில் நிற்கிற மரங்களைப் பற்றியும், இனி நடப்போகிற மரங்களைப் பற்றியும்தான் இந்த மடல்.

கெமிக்கல் 1950களில் வந்தது. ஏன் பரந்தனில் வந்தது என்பதற்கு ஆனையிறவுதான் காரணம். அங்கே உப்பளம் 1930களின் கடைசியிலேயே இருந்தது. உப்பைக் கரைத்து, கரைசலுக்குள் மின்சாரத்தை விட்டால் ஒரு பக்கம் காஸ்டிக் சோடா, மறுபக்கம் குளோரின். சவர்க்காரத்துக்கும் கடதாசிக்கும் காஸ்டிக் சோடா போனது. குளோரின் போனது குழாய்த் தண்ணீரைச் சுத்தமாக்க. உப்புக் காற்றும் வெயிலும் தவிர வேறொன்றும் இல்லை என்று வெளியூர்க்காரர் நினைத்த இடத்திலிருந்து நாட்டுக்கே தேவையான பொருள் போனது என்பதில் அப்பாவுக்கு இன்றைக்கும் பெருமை. எண்பதுகளின் நடுவில் போர் நெருங்க எல்லாம் நின்றது. பிறகு நடந்தது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் பரந்தனில் இரசாயனக் கைத்தொழில் வலயம் அமைப்போம் என்று அறிவித்தார்கள். அதே ஆண்டு மார்ச்சில் ஆனையிறவில் மேசை உப்பு ஆலையும் திறக்கப்பட்டது. எங்களுக்குச் சந்தோசம். எங்கள் பிள்ளைகள் வேலை தேடிக் கொழும்புக்கும் கட்டாருக்கும் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஊர் இது. தொழிற்சாலை வேண்டாம் என்று நான் எழுதவில்லை. வரட்டும், கெதியாக வரட்டும். ஆனால் காணிக்குள் மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரம் இறங்குவதற்கு முன்னர் நீங்கள் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

மீள்குடியேறி ஒரு வருடம் இருக்கும். எங்கள் பசு ஒன்று பின்னேரம் வீடு திரும்பவில்லை. கெமிக்கல் பக்கம் போனதைக் கண்டதாக ஒரு பெடியன் சொன்னான். கண்ணிவெடி அகற்றி முடித்த பாதையால் மட்டும் போகலாம் என்றார்கள். அப்பாவும் நானும் போனோம். இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அவர் அந்த நிலத்தில் கால் வைத்தது அன்றைக்குத்தான். கூரை இல்லை. சுவர்கள் இடுப்பளவு, சில இடத்தில் அதுவும் இல்லை. எருக்கலையும் நாயுண்ணியும் ஆளை மறைக்கிற அளவுக்கு. மிஞ்சி நின்றது துருப்பிடித்த இரும்புச் சட்டங்கள்தான்.

பசு ஒரு வேம்புக்குக் கீழே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதைக் கண்டதும் நான் கயிற்றை எடுத்தேன். அப்பா பசுவைப் பார்க்கவே இல்லை. வேம்புகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்போதுதான் நானும் கவனித்தேன். அந்த வேம்புகள் காட்டு மரம் மாதிரிச் சிதறி நிற்கவில்லை. கயிறு பிடித்து நட்டது போல நேர்வரிசையில் நின்றன. ஒரு வரிசை, பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி இன்னொரு வரிசை. யாரும் நட்டதில்லை. மேலே இரும்புச் சட்டம் ஓடுகிறது. அதில் காகமும் மைனாவும் வந்து இருக்கும். வேப்பம்பழம் தின்ற பறவை எச்சமிட்டால் கொட்டை நேர்கீழே விழும். வருடக்கணக்காக விழுந்ததில் சட்டம் போன கோட்டிலேயே மரமும் வந்திருக்கிறது. சில இடங்களில் இரும்பு விழுந்துபோய்விட்டது, வேம்பு வரிசை மட்டும் அங்கே ஒரு கட்டடம் இருந்தது என்று காட்டிக்கொண்டு நின்றது.

“இது செல் ஹவுஸ் தம்பி,” என்றார் அப்பா. உப்புக் கரைசலுக்குள் மின்சாரம் விட்ட கட்டடம் அது. வரிசை முடிகிற இடத்துக்கு நடந்தார். “இதிலை வாசல். அங்காலை பம்ப்.” பிறகு ஒன்றும் கதைக்கவில்லை. பசுவை ஓட்டிக்கொண்டு வந்தோம்.

அந்த வேம்பு வரிசைகளை நான் அழகுக்காக மட்டும் சொல்லவில்லை. நாற்றுக்காரன் கண்ணால் பார்த்தால் அது ஒரு பெரிய தகவல். காணியின் சில பகுதிகளில் மரம் அடர்ந்து நின்றது. சில பகுதிகளில் புல்கூட இல்லை, வெள்ளைப் பூத்த வெறுந்தரை. விதை எல்லா இடத்திலும்தான் விழுந்திருக்கும், மழையும் எல்லா இடத்திலும்தான் பெய்திருக்கும். எங்கே மண் பிழைத்திருக்கிறது, எங்கே இல்லை என்பதை அந்த மரங்களே பிரித்துக் காட்டியிருக்கின்றன. நாற்பது வருடம் எடுத்து நடந்த மண் பரிசோதனை அது. பெக்கோ ஒரு கிழமையில் அதை அழித்துவிடும். அழித்த பிறகு எங்கே எதை நடுவது என்று ஆரம்பத்திலிருந்து யோசிக்க வேண்டும். ஆகவே என் முதல் வேண்டுகோள்: நில அளவைக்காரர் வரும்போதே, நிற்கிற மரம் ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறியுங்கள். இனம், சுற்றளவு, இடம். மரம் இல்லாத திட்டுகளையும் குறியுங்கள். வீதியும் கட்டடமும் அதற்குப் பிறகு கோடு போடட்டும். பத்து அடி தள்ளிப் போட்டால் தப்புகிற மரம் எத்தனையோ இருக்கும்.

அந்த வெறுந்தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு விதமான கேடு இருக்கலாம், இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒன்று உப்பு. சோடியம் கூடிய மண்ணில் களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரிந்து, துவாரங்களை அடைத்துவிடும். மழை பெய்தால் தண்ணீர் மேலேயே நிற்கும், காய்ந்தால் சீமெந்து போல இறுகும். இதற்கு ஜிப்சம் போடலாம். அதிலுள்ள கல்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும், மாரி மழை சோடியத்தைக் கழுவிக்கொண்டு போகும். போவதற்கு வடிகால் வேண்டும், அதுதான் முக்கியம். வடிகால் இல்லாமல் ஜிப்சம் கொட்டினால் காசைக் கொட்டின மாதிரி. உவர் கூடிய இடத்தில் தரைமட்டத்தில் நடாமல் இரண்டு அடி மேடு கட்டி நட்டால் வேர் தப்பும்.

மற்றது உப்பைப் போல லேசான விசயம் இல்லை. அந்தக் காலத்தில் உலகம் முழுக்கக் காஸ்டிக் சோடா ஆலைகள் பலவற்றில் மின்பகுப்புக்குப் பாதரசம் பயன்பட்டது. மூடிய பல ஆலைகளின் நிலத்தில் பிறகு பாதரசம் கண்டுபிடித்துச் சுத்தம் செய்ய வேண்டி வந்தது. ஆகவே பரந்தனில் ஒரு கிடங்கு வெட்டுமுன்னர் மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பாதரசம் உட்படப் பாரமான உலோகங்களுக்குச் சோதித்து, முடிவைத் தமிழில் எல்லோருக்கும் தெரியும்படி ஒட்டுங்கள். பக்கத்து வளவுகளில் சனம் கிணற்றுத் தண்ணீர் குடிக்கிறது. கேடான திட்டு இருந்தால் அங்கே பழமரம் வைக்கக் கூடாது, ஆடு மாடு மேய விடக் கூடாது. தோண்டிய மண்ணை வீதிக்கு நிரப்பவும் கொண்டுபோகக் கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்தில் எங்கே மண் தோண்டினாலும் அது இன்னோர் இடத்தில் நிரவப்படும்.

வெடிபொருள் விசயம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேற்பரப்பு துப்புரவு செய்து கையளித்த காணி என்றாலும் மரக்கிடங்கு மூன்று அடி ஆழம் போகும். மண்வெட்டி பிடிக்கப்போகிறவர்கள் எங்கள் ஊர்ப் பெண்களும் பெடியன்களும். கிடங்கு வெட்டுகிற கோடு முழுவதையும் அந்த ஆழத்துக்குப் பார்த்த பிறகுதான் அவர்களை இறக்க வேண்டும்.

சரி, நடுகைக்கு வருவோம். இதில் எனக்கு மனம் நொந்த அனுபவம் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நிறுவனம் என்னிடம் நூற்றைம்பது கன்று வாங்கியது. சுற்றாடல் தினம், யூன் 5. பந்தல் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் வரிசையில் நிறுத்தி, பெரியவர்கள் ஆளுக்கொரு கன்று நட்டார்கள். படம் எடுத்தார்கள். நான் ஆடி மாதம் அந்தப் பக்கம் போனேன். ஒன்றும் இல்லை, குச்சிகள்தான். ஒன்றைப் பிடித்து இழுத்தேன். பையோடு வந்தது. என் கையால் மண் நிரப்பிய அதே கறுப்புப் பை, ஒரு கீறல்கூட விழாமல். உள்ளே வேர் வெளியே போக வழியில்லாமல் பைக்குள்ளேயே வட்டமாகச் சுற்றிச் சுற்றி, கடைசியில் நூல்பந்து மாதிரி இறுகிக் காய்ந்திருந்தது. ஒன்றரை வருடம் வளர்த்த மருது அது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பந்தல் தூணில் கட்டி வைத்திருக்கிறேன். கன்று வாங்க வருகிற எல்லோருக்கும் முதலில் அதைக் காட்டிவிட்டுத்தான் மற்றக் கதை.

பை கிழிக்காதது ஒரு பிழை. அதைவிடப் பெரிய பிழை யூன். யூன் மாதம் வேறு நாடுகளில் மழை பெய்யலாம். வன்னியில் யூன் என்றால் சோளகம். பூநகரிப் பக்கமிருந்து எழும்பி வருகிற அந்தக் காற்றில் மூத்த மரமே இலை சுருட்டும், பிஞ்சுக் கன்று என்ன செய்யும்? எங்கள் மழை ஐப்பசியில் தொடங்கி மார்கழியோடு தணிகிற மழை. அதற்காகத்தான் வடக்கு மாகாண சபை கார்த்திகையை மரநடுகை மாதம் என்று அறிவித்தது. அது நல்ல முடிவு, வன்னிக்குப் பொருந்துகிற முடிவு. தொழிற்பேட்டைத் திறப்பு விழா எந்த மாதம் வந்தாலும் வரட்டும். மரத்தை ஐப்பசி கடைசியில் நடுங்கள். கன்று இரண்டு மாதம் ஈரத்தில் வேர் இறக்கிக்கொள்ளும், சோளகம் வருமுன்னர் ஆறு மாதம் கிடைக்கும்.

எந்த மரம் என்று கேட்டால் எனக்கு நாள் முழுக்கச் சொல்லலாம். சுருக்கமாகச் சொல்கிறேன். உவர் தாங்குவதில் பூவரசும் புங்கும் வேம்பும் பனையும் முன்னுக்கு நிற்கும். வடிகால் ஓரத்துக்கு மருதும் நாவலும். மருது குளக்கட்டில் நின்று பழகின மரம், காலில் தண்ணீர் நின்றாலும் பொறுக்கும். சந்தியிலும் பஸ் தரிப்பிடத்திலும் புளி, இலுப்பை. மின்கம்பிக்குக் கீழே மட்டும் பெரிய மரம் வேண்டாம், ஐந்தாம் வருடம் தலையை வெட்டிவிடுவார்கள். அங்கே கொன்றை போதும், சித்திரையில் மஞ்சள் பூத்துத் தொங்கும்.

பாலை மரத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடச் சொல்ல விடுங்கள். வன்னிக் காடு என்றால் பாலைதான். முதிரை, வீரை, கருங்காலி எல்லாம் அதோடு சேர்ந்து நிற்கிற உறவுகள். பாலை மெதுவாக வளரும், அதனால் எந்தத் திட்டத்திலும் அதன் பெயர் வராது. மூன்று வருடத்தில் படம் எடுக்கிற அளவுக்கு வளராது என்பது உண்மைதான். ஆனால் ஒருமுறை நிலைத்துவிட்டால் வறட்சிக்கு அசையாது, புயலுக்கும் சுலபத்தில் சாயாது. ஆனி ஆடியில் மஞ்சள் முத்து மாதிரிப் பழம். ஏ9 வீதியோரம் வைத்து விற்பார்கள், நீங்களும் வாகனத்தை நிறுத்தி வாங்கியிருப்பீர்கள். நாலு பழம் தின்றவுடன் பால் ஒட்டி உதடு இரண்டும் பசை பூசினது போல இழுக்கும். அம்மம்மா எங்களுக்கு முதலில் உதட்டில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டுத்தான் பழம் தருவா. அந்த மரம் ஒரு கைத்தொழில் வலயத்தின் நடு வீதியில் இரண்டு பக்கமும் நிற்கட்டும். இருபது வருடம் போக, மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வருகிற தொழிலாளி அதற்குக் கீழே இருப்பார். விரைவாக நிழல் வேண்டுமென்றால் இரண்டு பாலைக்கு நடுவில் ஒரு பூவரசை வையுங்கள். பாலை எழும்பிய பிறகு பூவரசைக் கழிக்கலாம்.

மரத்துக்கு மேலே எவ்வளவு இடம் என்று பார்க்கிறோம், கீழே எவ்வளவு என்று பார்ப்பதில்லை. பழைய தொழிற்சாலைக் காணியில் அரையடி கொங்கிறீற், அதற்குக் கீழே உடைகல், அதற்குக் கீழே பாரவண்டி ஓடி இறுகிய மண். அதில் ஒரு சதுரத்தை வெட்டிக் கன்றை வைத்தால் சாடியில் வைத்தது போலத்தான். நான்கைந்து வருடத்துக்கு நன்றாக வரும், பிறகு வளர்ச்சி நின்று நுனி காயும். தனித்தனிக் கிடங்கைவிட வீதியோரம் நீளத்துக்கு ஒரே வாய்க்காலாக நாலடி அகலம் தோண்டி, கொங்கிறீற்றை அள்ளி, நல்ல மண்ணும் கூட்டெருவும் நிரப்பினால் எல்லா மரமும் ஒரே மண்ணைப் பகிர்ந்துகொள்ளும். வீதி போடும்போது இதைச் செய்வதற்கு அதிகம் செலவில்லை. வீதி போட்ட பிறகு செய்யவே முடியாது. மரத்தைத் திட்டத்தின் கடைசித் தாளில் வைக்காதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

இன்னொன்று. குளோரின் மறுபடி இங்கே கையாளப்படுமானால், சுற்றிவர அடர்த்தியாக மரம் வைத்தால் ஊருக்குக் காப்பு என்று யாராவது சொல்லக்கூடும். அதை நம்பிவிடாதீர்கள். குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம், கசிந்தால் நிலத்தோடு படிந்து பள்ளம் தேடிப் போகும். மரம் தூசியைப் பிடிக்கும், வெயிலைத் தணிக்கும், காற்றின் வேகத்தைக் குறைக்கும். நச்சுவாயுவுக்குக் காப்பு தூரமும் எச்சரிக்கை மணியும் ஓடுவதற்குத் திறந்த பாதையும்தான். கொள்கலன்களைச் சுற்றித் திறந்தவெளி விட்டு, அதற்கு அப்பால் மரத்தை வையுங்கள். மரத்தை நேசிக்கிறவன் என்பதற்காக இதைச் சொல்லாமல் விட முடியாது.

பழைய ஆலையையும் மரத்தையும் சேர்த்துக் காப்பாற்ற முடியுமா என்று கேட்பீர்கள். ஜேர்மனியில் டுயிஸ்பேர்க் நகரத்தில் ஒரு பெரிய இரும்பு ஆலை 1985இல் மூடப்பட்டது, எங்கள் கெமிக்கல் ஓய்ந்த அதே காலம். அதை இடித்துத் தள்ளாமல், பீட்டர் லட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளரைக் கொண்டு பூங்காவாக மாற்றினார்கள். ஊதுலை நிற்கிறது, பாலங்கள் நிற்கின்றன, தானாக முளைத்த மரங்களும் நிற்கின்றன. கேடான கழிவைப் பழைய கொங்கிறீற் தொட்டிகளுக்குள் போட்டு மூடி, மேலே தோட்டம் செய்தார்கள். எங்களிடம் அவ்வளவு காசு இல்லை, நான் அவ்வளவு கேட்கவும் இல்லை. செல் ஹவுஸ் இருந்த இடத்தில் வேம்பு வரிசைகள் இரண்டு, இடிந்த சுவரில் ஒரு துண்டு, அதைச் சுற்றி நாலு வாங்கு. தொழிலாளர் சாப்பிடுகிற இடமாக அது இருக்கட்டும்.

ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலைக் காணிக்கும் நான் சொன்னது பெரும்பாலும் பொருந்தும். கைத்தொழில் வலயம் என்று பேசப்படுகிற மாங்குளம் வேறு. அங்கே பழைய ஆலை இல்லை, நிற்பது காடு. அங்கே நடுவதைப் பற்றிக் கதைக்குமுன் வெட்டாமல் விடுவதைப் பற்றிக் கதைக்க வேண்டும்.

கடைசியாகக் காசு. நடுகைக்கு ஒதுக்குகிறீர்கள், தண்ணீருக்கு ஒதுக்குவதில்லை. ஒரு கன்றுக்கு மூன்று சோளகம் தாண்டும்வரை ஆள் வேண்டும். கன்றுக்குப் பக்கத்தில் மண்முட்டி ஒன்றைக் கழுத்தளவு புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால் கசிந்து கசிந்து வேருக்குப் போகும், நாலைந்து நாளைக்கு ஒருமுறை நிரப்பினால் காணும். முட்டி வனைய ஆள் இருக்கிறது, நிரப்ப ஆள் இருக்கிறது. தலைவனை இழந்து தனியே பிள்ளைகளை வளர்க்கிற பெண்கள் எங்கள் குறிச்சியிலேயே பலர். நூறு மரம் ஒருவருக்கு என்று மூன்று வருட ஒப்பந்தம் கொடுங்கள். நட்ட எண்ணிக்கையைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். மூன்றாம் ஆவணியில் உயிரோடு நிற்கிற எண்ணிக்கையைப் பார்த்துக் கொடுங்கள். எனக்கும் அதே நிபந்தனையைப் போடுங்கள், நான் கையெழுத்து வைக்கிறேன்.

நீங்கள் வருகிற நாளைச் சொல்லி அனுப்புங்கள். காலை ஏழு மணிக்கு முன்னர் வந்தால் நல்லது, அதற்குப் பிறகு வெயில் ஏறிவிடும். அப்பாவுக்கு இப்போது 83 வயது. பொல்லு ஊன்றித்தான் நடப்பார், கேற் வாசலில் ஒரு கதிரை போட்டால் போதும். கட்டட வரைபடம் ஒன்றும் உங்களிடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எந்த வேம்பு எந்தச் சுவரில் நிற்கிறது என்று அவர் இருந்த இடத்திலிருந்தே கைகாட்டுவார், நான் கூட நடந்து குறித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
பரந்தனிலிருந்து ஒரு நாற்றுக்காரன்